குழந்தைக்கு வெயிட் கூடுதா? முதல்ல உங்க தட்டைப் பாருங்க!

பள்ளிக்கரணையில், ஐடி வேலை முடிந்து இரவு 9 மணிக்கு வீடு திரும்பும் ஒரு தம்பதியை நினைத்துப் பாருங்கள். சமைக்க நேரமில்லை, ஆப்பில் ஆர்டர் செய்த பரோட்டா, டிவி முன்னால் சாப்பாடு. 'நீ மட்டும் காய் சாப்பிடு' என்றால் குழந்தை கேட்குமா?

கேட்காது. சின்னக் குழந்தைகள் அறிவுரையைக் கேட்பதைவிட, அப்பா அம்மா சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

டேட்டா என்ன சொல்லுது?

தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15-49 வயதில் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ள பெண்கள் 2015-16ல் 30.9%, 2019-21ல் 40.4%. ஆண்கள் 28.2%ல் இருந்து 37% ஆனார்கள். இதே காலத்தில் நாடு முழுக்க 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2.1%ல் இருந்து 3.4% ஆகிவிட்டார்கள்.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆனா, வீட்டுக்குள் எந்த உணவு வருது என்பதை முடிவு செய்வது பெரியவர்கள்தான்.

என்ன செய்யலாம்?

* குழந்தைக்குத் தனி டயட் வேண்டாம். எல்லோரும் ஒரே சாப்பாட்டுக்கு மாறுங்க.
* குளிர்பானம், சிப்ஸை வீட்டில் வாங்கி வைக்காதீங்க.
* புதுக் காய் பிடிக்க 10 முறைகூட ஆகலாம். திட்டாம, திரும்பத் திரும்பக் கொடுங்க.
* 'சாப்பிட்டா சாக்லேட்' பேரம் வேண்டாம்.

எடையில் சந்தேகமா? பட்டினி போடாதீங்க. 5 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், அங்கன்வாடியில் எடை, உயரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேளுங்க.