அண்டை வீட்டாரின் நாயும் நமது உளூவும்



நமது இல்லத்திற்கும் பள்ளிவாசலுக்கும் இடையே 150 அடி தூரம்கூட இராது. 11 ஆண்டுகளாகச் சுப்ஹுத் தொழுகைக்கு அந்தத் தூரத்தை இருளிலேயே நடந்து கடந்து வந்திருக்கிறோம். சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதத்திலிருந்து அந்த நடை நமக்குக் கனத்துப் போயிற்று. அடுத்த வீட்டிற்கு ஒரு நாய் வந்து சேர்ந்ததே அதற்குக் காரணம்.

அது இராசபாளையம் நாய். பால் போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, தோள்வரை இரண்டடிக்கு மேல் உயரம். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நாட்டு நாயினங்களுள் இதுவும் ஒன்று. அதன் பெருமையெல்லாம் நமக்குப் பின்னரே தெரிய வந்தது. முதல் நாள் நாம் அறிந்ததெல்லாம், இரும்புக் கதவின் மேல் இரு முன்னங்கால்களையும் ஊன்றி அது எழுந்து நின்றபோது அதன் முகம் நமது முகத்திற்கு நேராக இருந்தது என்பதுதான்.

அன்றிலிருந்து நாம் எதிர்ப்புறச் சுவரை ஒட்டியே நடந்தோம். ஜுப்பாவின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டோம். யாரேனும் கேட்டால், “நஜீஸ் பட்டுவிடும், உளூ இருக்கிறதல்லவா?” என்று கூறி வந்தோம். உண்மையைச் சொல்வதானால் நமது கால்கள் நடுங்கின. பிள்ளைகளுக்கு மார்க்கம் போதிக்கும் ஒருவர் நாய்க்கு அஞ்சுகிறார் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆகவே அச்சத்திற்கு ஃபிக்ஹின் ஆடையை உடுத்தினோம். நம்மைப் போல் எத்தனையோ இல்லங்களில் இவ்வாறு நடப்பதாக அறிகிறோம். அதனாலேயே இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நமது மஹல்லாவில் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் உடல் முழுவதும் நஜீஸ். ஆனால் ஈரம் இருந்தால்தான் அது பிறிதொன்றில் ஒட்டும். உலர்ந்த நாய் உலர்ந்த ஆடையை உரசிச் சென்றால் ஆடைக்கு எதுவும் ஆவதில்லை. ஈரத்தோடு பட்டாலும், நாவால் தீண்டினாலும் ஏழு முறை கழுவ வேண்டும்; அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் உமிழ்நீர்தான் நஜீஸ், உடலன்று. மூன்று முறை கழுவினாலே போதுமானது. மாலிக்கீ மத்ஹபினரோ நாயைத் தூய்மையான பிராணி என்றே கொண்டு, பாத்திரத்தை ஏழு முறை கழுவுவதை ஒரு வணக்கமாகச் செய்கின்றனர். இம்மூன்றில் எந்த மத்ஹபிலும் நாயைத் தொட்டால் உளூ முறியும் என்று இல்லை. பட்ட இடத்தைக் கழுவிவிட்டுத் தொழலாம். இதைச் சொன்னபோது நமது வீட்டாரே நம்ப மறுத்தனர். உளூ வேறு, நஜீஸ் வேறு என்பது முதலாம் வகுப்புப் பாடம். ஆயினும் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள் வருவதும் போவதுமாக இருந்தன என்றும், அதற்காக எவரும் நீர் தெளிக்கவில்லை என்றும் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அந்தப் பள்ளியின் தரை வெறும் மண்தரை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சில சகோதரிகள் வேறொரு ஐயத்தை எழுப்பினர். நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைய மாட்டார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். அடுத்த வீட்டு நாயின் குரைப்பு நம் வீட்டுக்குள் கேட்டால் மலக்குகள் திரும்பிச் சென்றுவிடுவார்களா என்பதே அவர்களுடைய கேள்வி. ஹதீஸ் பேசுவது நாயை வைத்திருக்கும் வீட்டைப் பற்றி. ஒலி கேட்கும் வீட்டைப் பற்றியதன்று.

இனிப் பாத்திரத்தின் கதை. அந்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நாம் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். நோன்பு மாதத்தில் நம் வீட்டிலிருந்து கஞ்சி போகும், பொங்கலன்று அவர் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வரும். நாய் வந்த பிறகு நம் வீட்டுத் தூக்குவாளி திரும்பி வந்தபோது, அதை அடுக்களைக்குள் சேர்ப்பதா, கொல்லையில் வைத்து ஏழு முறை கழுவுவதா என்று வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. உறுதியாக அறிந்த ஒன்று ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தூக்குவாளி தூய்மையானது என்பது உறுதி. நாய் நாவிட்டது என்பது வெறும் ஐயம். கண்ணால் காணாத வரை, நம்பத்தக்கவர் சொல்லாத வரை, அது தூய்மையானதே. நாம் இதை விளக்கி முடித்தோம். அப்படியிருந்தும் இரவில் கொல்லைப்புறத்தில் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. நாம் ஒன்றும் கேட்கவில்லை.

இவையெல்லாம் சிறிய விஷயங்கள். பெரிய விஷயம் ஒரு மாலைப் பொழுதில் நிகழ்ந்தது.

மதரஸா விட்டுப் பிள்ளைகள் கலைந்து செல்லும் நேரம். எட்டு வயது மாணவன் ஒருவன் கதவிடுக்கின் வழியே அந்த நாயின் மீது கல்லெறிந்தான். கல் அதன் கண்ணுக்கு மேலே பட்டு இரத்தம் வழிந்தது. அண்ணாச்சி நேரே மதரஸா வாசலுக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. “ஹஜ்ரத், சின்னப் பிள்ளை, அடிச்சிராதீங்க. ஆனா அந்தச் சீவன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

மாணவனை அழைத்து விசாரித்தோம். “அது நஜீஸ்தானே உஸ்தாத்? நீங்கதானே சொன்னீங்க?” என்றான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. தூய்மையைப் பற்றிய பாடத்தில் நாய் நஜீஸ் என்றும், ஏழு முறை கழுவ வேண்டும் என்றும் நாம்தான் கற்பித்தோம். அந்தப் பக்கத்தோடு பாடத்தை முடித்துவிட்டோம். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்னும் ஹதீஸும் நமது பாடத்திட்டத்தில் உண்டு. ஆனால் அது இரண்டு ஆண்டுகள் கழித்து நற்குணங்கள் என்னும் தலைப்பில் வருகிறது. அதற்குள் பிள்ளையின் கையில் கல் ஏறிவிட்டது. வெள்ளிதோறும் சூரத்துல் கஹ்ஃபு ஓதுகிறோம். குகைத் தோழர்களின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்ததை அல்லாஹ் எடுத்துச் சொல்கிறான். அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் தர்க்கித்தபோது ஒவ்வோர் எண்ணிக்கையிலும் அந்த நாயும் சேர்ந்தே வருகிறது. நாம் அதை மனனம் செய்ய வைத்தோம். பொருள் சொல்லிக் கொடுத்தோமா?

நஜீஸ் என்பது தொழுகைக்கான ஒரு சட்டநிலை. இரத்தமும் நஜீஸ்தான், நம் உடலுக்குள் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நஜீஸ் என்றால் வெறுக்கத்தக்கது, அடிக்கத்தக்கது என்று எந்த மத்ஹபின் நூலிலும் இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் சொன்ன குற்றம் நம்முடையது.

இதற்கிடையே வேறொரு பேச்சும் கிளம்பியது. ஜமாஅத் பெயரில் மனு எழுதிக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று இளைஞர் சிலர் வந்தனர். “பள்ளிவாசல் தெருவில் வேண்டுமென்றே நாயைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்” என்று ஒருவர் கூறினார். நமக்கு அடிவயிறு கலங்கியது. மனைவியை இழந்து, மக்கள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் ஒரு பெரியவர் திருட்டுக்கு அஞ்சி நாய் வளர்க்கிறார். விளைநிலம், கால்நடை, வேட்டை ஆகியவற்றிற்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்னும் ஹதீஸ் நமக்குரியது. அவர்மீது அதைச் சுமத்த நமக்கு உரிமையில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்களோ, வீட்டுக் காவலுக்கு நாய் வளர்ப்பதையும் ஒப்புநோக்கின் அடிப்படையில் கூடும் என்றே கூறியுள்ளார்கள். ஒரு நாய் விவகாரம் இரு சமூகத்தாரின் விவகாரமாக மாறுவதற்கு இக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது போதும். அந்தத் தாளை வாங்கி மடித்து நமது பைக்குள் வைத்துக்கொண்டோம்.

அதற்காக, அஞ்சுவோர் வாய்மூடி இருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை எவரும் மறந்திருக்க முடியாது. பெரிய நாயை வளர்ப்பவர் அதைச் சங்கிலியில் பிடிக்கவும், தடுப்பூசி போடவும், கதவைத் தாழிடவும் கடமைப்பட்டவர். தாம் வளர்க்கும் விலங்கைக் கவனக்குறைவாக விட்டுப் பிறருக்கு ஆபத்து விளைவிப்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. “நாய்க்குப் போய்ப் பயப்படுவதா?” என்று நகைப்போரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளையைக் கடித்த பிறகு அவர்கள் நகைக்க மாட்டார்கள். அச்சம் குறையன்று. அதை மறைக்க நாம் கையாண்ட வழிதான் குறை.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவரை வாரிசாக்கி விடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவிற்கு அது இருந்தது. அந்த ஹதீஸை அறிவித்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள், தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது யூத அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

மறுநாள் அஸருக்குப் பின் அந்த மாணவனையும் அவன் தந்தையையும் அழைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குச் சென்றோம். கதவுக்கு வெளியே நின்றே குரல் கொடுத்தோம். அவர் நாயைப் பின்கட்டில் கட்டிவிட்டு வந்தார். மாணவன் மன்னிப்புக் கேட்டான். பிறகு நாமும் கேட்டோம், கேட்டதோடு, இத்தனை மாதம் சொல்லாததையும் சொன்னோம்: “அண்ணாச்சி, மார்க்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அந்த நாயைக் கண்டா உயிரே நடுங்குது.”

அவர் சற்று நேரம் நம்மையே பார்த்திருந்தார். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்? நீங்க ஒதுங்கி ஒதுங்கிப் போறதைப் பாத்து, நாய் வளக்கறதால என் வீட்டையே தீட்டா நினைக்கிறீங்கன்னுல்ல நினைச்சேன்” என்றார்.

அதற்கு மறுமொழி சொல்ல நமக்கு நா எழவில்லை.

அந்த வாரமே கதவின் கீழிடுக்கில் தகரம் அடித்தார். சுப்ஹு பாங்கு ஒலித்ததும் நாயைப் பின்கட்டுக்கு மாற்றிவிடுகிறார். நமக்காகவே விழிக்கிறாரா, வழக்கமாக விழிப்பவரா என்று கேட்கவில்லை. மதரஸாவில் தூய்மைப் பாடத்தையும் அந்தத் தாகத்தின் ஹதீஸையும் இப்போது ஒரே நாளில் நடத்துகிறோம். கல்லெறிந்த மாணவனுக்கு அந்த ஹதீஸ் மனப்பாடம்.

நமக்கோ நடுக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. எதிர்ப்புறச் சுவரை ஒட்டித்தான் நடக்கிறோம். ஆனால் ஜுப்பாவைத் தூக்கிப் பிடிப்பதை விட்டுவிட்டோம்.