3,000 போட்டோ... அப்பா எங்க?

இந்த வார மேட்டர் கல்யாணம். பயப்படாதீங்க, நமக்கில்ல! நம்ம அக்காவுக்கு, அண்ணனுக்கு.

வீட்ல கல்யாணம்னா மண்டபம் சித்தப்பா பாத்துப்பாரு, சமையல் மாமா பாத்துப்பாரு, புடவை அம்மா டிபார்ட்மென்ட். கடைசியா ஒரு ஐட்டம் மிஞ்சும். 'டேய், நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே... போட்டோகிராபரை நீ பாத்துக்கோ'னு நம்ம தலையில கட்டிடுவாங்க. என்னமோ நாலு செமஸ்டரா கேமராவைப் பிரிச்சு மேஞ்ச மாதிரி! நான் படிக்கிறது சிவில் பாஸ்!

2024 ஆவணியில எங்க அக்கா கல்யாணத்துக்கு இந்த டியூட்டி எனக்கு வந்துச்சு. இன்ஸ்டாகிராமைத் திறந்தேன். ஒரு ஸ்டுடியோ பக்கத்துல ஒவ்வொரு படமும் சினிமா போஸ்டர் மாதிரி. மழை, குடை, மணப்பொண்ணு கண்ணோரம் ஒரு சொட்டுக் கண்ணீர்... 'இவருதான்டா!'னு அரை மணி நேரத்துல அட்வான்ஸ் கொடுத்தாச்சு.

ஆல்பம் வந்துச்சு. மொத்தம் 3,000 போட்டோவுக்கு மேல. அக்கா செம அழகு. மாமாவோட ஷூவுக்குக்கூட தனி போட்டோ. ஆனா அப்பா? தேடினேன்... தேடினேன்... குரூப் போட்டோவுல பெரியப்பா தோளுக்குப் பின்னாடி பாதி முகம். அப்புறம் தாரை வார்க்கிற சீன்ல ரெண்டு கை. க்ளோஸ்-அப்பாம்! அவ்ளோதான். மத்த நேரமெல்லாம் மனுஷன் பந்தியில நின்னு 'சாம்பார் வந்துச்சா, பாயசம் வந்துச்சா'னு கேட்டுட்டு இருந்தாரு.

அப்பா ஒண்ணும் திட்டல. ஆல்பத்தை மூடிட்டு, 'நல்லாருக்குப்பா'ன்னாரு. ராத்திரி பாத்தா, அம்மாகிட்ட அந்தப் பக்கத்தைக் காட்டிட்டு இருக்காரு. 'இது என் கைதான். மோதிரத்தை வச்சுக் கண்டுபிடிச்சேன்.'

சத்தியமா சொல்றேன், பத்து அரியர் விழுந்திருந்தாகூட அவ்ளோ வலிச்சிருக்காது.

தப்பு போட்டோகிராபர் மேல மட்டும் இல்லீங்க. கூட்டத்துல சட்டை கசங்கி ஓடிட்டிருக்கிறவர்தான் பொண்ணோட அப்பான்னு அவருக்கு யார் சொன்னா? அவர் கேக்கல. நானும் சொல்லல. ஸோ, நான் விட்டதை நீங்க விட்டுடாதீங்க.

1. முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்க: 50 கல்யாணத்துல பொறுக்கின 50 படம் யார்கிட்ட வேணா இருக்கும். ஒரே கல்யாணத்தோட படங்களை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேளுங்க. அதுல பெரியவங்க, பந்தி, சொந்தக்காரங்க இருக்காங்களான்னு பாருங்க.

2. இருட்டுல எடுத்ததைக் கேளுங்க: பட்டப்பகல்ல தோப்புல எடுத்ததை வச்சு முடிவு பண்ணாதீங்க. நம்ம முகூர்த்தம் விடிகாலையில, மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்துல, ஓமப்புகைக்கு நடுவுல. எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6-ஐவிட நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 'என்ன லென்ஸ் கொண்டு வருவீங்க?'ன்னு தைரியமா கேளுங்க.

3. வர்றது யாரு?: ஒரே முகூர்த்த நாள்ல ரெண்டு மூணு புக்கிங் இருக்கும். ஆல்பம் காட்டுறது ஓனர், வர்றது வேற ஆள்னு ஆயிடக்கூடாது. வர்றவர் பேரை எழுதி வாங்கிக்கோங்க.

4. தாலி கட்டும்போது எங்க நிப்பீங்க?: அது சில செகண்ட் மேட்டர். அட்சதையோட நூறு கை, போனோட நூறு கை குறுக்க வரும். கேண்டிட் டீம், வீடியோ டீம் வேற வேறன்னா, முன்னாடியே பேசி வைக்கச் சொல்லுங்க.

5. மெமரி கார்டு: ஒரே நேரத்துல ரெண்டு கார்டுல பதிவாகிற கேமரா இருக்கு. அது அவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க. அன்னைக்கு ராத்திரியே ரெண்டு இடத்துல காப்பி எடுக்கச் சொல்லுங்க. திரும்ப ஒரு தடவை தாலி கட்ட முடியாது பாஸ்!

6. பேப்பர்ல எழுதுங்க: எத்தனை ஷீட், எத்தனை நாள்ல, எல்லாப் படமும் சாஃப்ட் காப்பியா தருவாங்களா... எல்லாத்தையும்! கடைசித் தவணை ஆல்பம் கைக்கு வந்தப்புறம்தான். இன்னொரு மேட்டர்: 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவுப்படி, நீங்க காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவோட உரிமை உங்களுக்குத்தான். வேற மாதிரி ஒப்பந்தம் போட்டா மாறிடும். அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிங்க!

7. இது உங்க வேலை: 'இவங்க கண்டிப்பா வேணும்'னு ஒரு லிஸ்ட் கொடுங்க. கூடவே ஆளை அடையாளம் காட்ட ஒரு தம்பியையோ தங்கச்சியையோ நிறுத்துங்க. பந்தி நடக்கும்போது பத்து நிமிஷம் டைனிங் ஹாலுக்கும் அனுப்புங்க. அப்படியே அவங்களையும் சாப்பிட வைங்க. முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து நின்னுட்டே இருக்கிறவங்க அவங்க!

2025 தையில பெரியப்பா பொண்ணு கல்யாணம். மறுபடியும் டியூட்டி எனக்கே! மூணு பேரைப் பாத்தேன். ரெண்டு பேர் கேமரா பெருமை பேசினாங்க. மூணாவது ஆள் கேட்டாரு, 'பொண்ணோட பாட்டி இருக்காங்களா? மேடை ஏற முடியுமா, இல்ல நாங்க கீழே வந்து எடுக்கணுமா?' அவரையே புக் பண்ணிட்டேன்.

அந்த ஆல்பத்துல ஒரு படம். பந்தியில பெரியப்பா துண்டால வேர்வையைத் துடைச்சுட்டுச் சிரிக்கிறாரு. அப்பா அதை ரொம்ப நேரம் பாத்தாரு. 'எங்கண்ணன் இப்படித்தான்டா சிரிப்பாரு'ன்னாரு.

இன்னைக்கு உங்க வீட்டு ஆல்பத்தை எடுத்து அப்பா எங்கன்னு தேடிப் பாருங்க. கிடைக்கலைன்னா எதுக்கு வெயிட்டிங்? போன் கையிலதானே இருக்கு... க்ளிக்குங்க!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம். வர்ட்டா!