300 ரூபாய்க்கு எத்தனை சோதனைகள்?

இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசு வழங்குவது மாதம் 300 ரூபாய். 2012இல் நிர்ணயித்த தொகை அது. அதையும் பெற 80 சதவீத ஊனமும், வறுமைக்கோட்டுப் பட்டியலில் இடமும் வேண்டும். தொகையை உயர்த்த மனமில்லாத அரசு, மின்னணு நிபந்தனைகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போகிறது.

2021 ஜூன் 1 முதல் ஊனச் சான்றிதழ் இணையதளம் வழியாகவே வழங்கப்பட வேண்டும் என்றானது. அத்துடன் ஆதார், வங்கிக் கணக்கு, கைரேகை. தொழுநோயால் விரல்களை இழந்தவர் கருவியில் எதை வைப்பார்? கண் சிமிட்டச் சொல்லும் செயலியின் முன் அமில வீச்சில் இமைகளை இழந்தவர் என்ன செய்வார்? இவை கற்பனைக் கேள்விகள் அல்ல. வங்கிகளின் மின்னணுச் சரிபார்ப்பில் இப்படித் தடுக்கப்பட்டவர்கள் உச்சநீதிமன்றம் வரை சென்றார்கள். மின்னணு அணுகல் வாழ்வுரிமையின் பகுதியே என்ற தீர்ப்பு 2025 ஏப்ரல் 30 அன்றுதான் கிடைத்தது.

பழைய முறை நேர்மையானதாக இருந்தது என்று எவரும் வாதிடப் போவதில்லை. லஞ்சமும் இடைத்தரகும் அதில் இருந்தன. ஆனால் மறுத்த அதிகாரிக்கு ஒரு முகம் இருந்தது. அவரது அலுவலகத்தை முற்றுகையிட முடிந்தது. இன்றோ, “கணினியில் அப்படித்தான் காட்டுகிறது” என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது.

அதன் விளைவை ஹரியானாவின் முதியோர் ஓய்வூதியத்தில் காணலாம். குடும்ப அடையாள அட்டைத் தரவுகளை நம்பி 63,353 பேரின் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. அவர்களில் 44,050 பேர் தகுதியுள்ளவர்களே என்று பின்னர் அந்த அரசே சட்டமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அங்கே பதிவேட்டில் இறந்தவராக்கப்பட்ட 102 வயது முதியவர் ஒருவர், தாம் உயிரோடிருப்பதைக் காட்ட 2022இல் ரோத்தக் நகரில் மணமகனைப் போல ஊர்வலம் போக நேர்ந்தது. படுக்கையிலிருந்து எழ முடியாத மாற்றுத்திறனாளி எந்த ஊர்வலம் போவார்?

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. தகுதியுள்ளவர் நீக்கப்பட்டால் அது “போலிப் பயனாளிகள் ஒழிப்பு” என்ற கணக்கில் சேர்ந்து, அரசுக்கு மிச்சமாகிறது. பிழையைத் திருத்தும் அவசரம் அரசுக்கு எப்படி வரும்?

எழுத்துப்பூர்வ அறிவிப்பும் நேரடி விசாரணையும் இன்றி எவரது ஓய்வூதியமும் நிறுத்தப்படக்கூடாது. தவறாக நிறுத்திய தொகை நிலுவையுடன் தரப்பட வேண்டும். நடமாட இயலாதோரின் வீடு தேடிச் சரிபார்ப்பு செல்ல வேண்டும். காகித விண்ணப்பமும் ஏற்கப்பட வேண்டும். கட்சிக் கிளைகள் தத்தம் பகுதியில் ஓய்வூதியம் நின்றுபோனவர்களின் பட்டியலை, காரணத்தோடு, இப்போதே திரட்டத் தொடங்கலாம். அரசிடம் அப்படியொரு பட்டியலைக் கேட்டால், போலிகளின் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும்.