வலிமை வேறு, விறைப்பு வேறு



ரேடியோ அலைகளால் இயக்கப்படும் சிறிய கார்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் மண் தரையிலும் மேடு பள்ளங்களிலும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு வகை உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு சுருள்வில் இருக்கும். மேட்டில் ஏறித் தாவும். தரையில் விழுந்து குலுங்கி மறுபடியும் ஓடும். சக்கரத்துக்கும் காரின் உடலுக்கும் இடையே வில்லும், கையும், எண்ணெய்க் குழலுமாக அமைந்த இந்த ஏற்பாட்டைத்தான் சஸ்பென்ஷன் என்கிறோம்.

இத்தகைய காரில் ஏதேனும் ஒரு பகுதி உடைந்துவிட்டால் உடனே ஓர் அறிவுரை கிடைக்கும்: "பிளாஸ்டிக் என்றால் உடையத்தான் செய்யும். எல்லாவற்றையும் அலுமினியமாக மாற்று. வில்லையும் கெட்டியாகப் போடு." கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால் இந்த அறிவுரை பணத்தையும் வீணாக்குகிறது, காரையும் கெடுக்கிறது என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் உங்கள் இயற்பியல் பாடங்களிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இரண்டு கார்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். இரண்டும் 1984-இல் வெளிவந்தவை. உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளவை. பின் சக்கரங்களால் உந்தப்படுபவை. ஒன்று, ஜப்பானின் ஷிஸுவோகா நகரிலுள்ள டாமியா நிறுவனத்தின் 'ஹார்னெட்'. விலை குறைந்த, எளிய கார். இதன் பின்புறத்தில் மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் அச்சும் ஒரே கட்டியாக இணைந்து, சக்கரங்களோடு சேர்ந்தே மேலும் கீழும் அசையும். மற்றது, கலிஃபோர்னியாவின் டீம் அசோஸியேட்டட் நிறுவனம் பந்தயத்துக்காக உருவாக்கிய 'ஆர்.சி.10'. இதில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையும். நான்குக்கும் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்கள் உண்டு.

ஆர்.சி.10-இன் உடல் அலுமினியத் தகட்டால் ஆனது. ஆனால் சக்கரங்களைத் தாங்கும் கைகளோ நைலானால் ஆனவை! உடலை அலுமினியத்தில் செய்தவர்களுக்குக் கைகளையும் அதே உலோகத்தில் செய்வது பெரிய காரியமா? பிறகு ஏன் நைலான்?

இதற்கு விடை காண, காரை ஒரு முறை தாவ விடுவோம். காரின் எடை 1.5 கிலோகிராம் என்றும், அது 1 மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுகிறது என்றும் கொள்வோம். சக்கரங்கள் தரையைத் தொட்ட பிறகு, உடல் மேலும் 4 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. அப்படியானால் கார் இழந்த நிலையாற்றல் 104 சென்டிமீட்டர் உயரத்துக்கு உரியது. அந்த ஆற்றல் முழுவதையும் 4 சென்டிமீட்டர் தூரத்துக்குள் சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே அதன் சராசரி விசை காரின் எடையைப் போல் 104/4, அதாவது 26 மடங்கு. 39 கிலோகிராம் மூட்டையை அதன் மேல் வைத்தாற்போல!

இப்போது வில்லைக் கெட்டியாக்கி, உடல் 1 சென்டிமீட்டர் மட்டுமே தாழும்படி செய்துவிட்டோம் என்று வையுங்கள். விசை 101 மடங்காகிறது. 39 கிலோகிராம் மூட்டை 150 கிலோகிராமைத் தாண்டிவிட்டது! அதே கார், அதே உயரம், அதே தரை. நாம் 'பலப்படுத்தினோம்', அதன் பயனாகக் காரின் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ நான்கு மடங்கு அடி வாங்குகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறீர்களே, அதே தத்துவந்தான் இது. நிறுத்துவதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் கூடினால் விசை குறையும்.

வலிமை என்பதும் விறைப்பு என்பதும் ஒன்றல்ல என்பது இங்கே விளங்கும். ஒரு பொருள் உடையாமல் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது வலிமை. ஒரு குறிப்பிட்ட விசைக்கு எவ்வளவு குறைவாக வளைகிறது என்பது விறைப்பு. அலுமினியத்தின் யங் குணகம் நைலானுடையதைப் போல இருபது முப்பது மடங்கு. ஆகவே ஒரே வடிவில் செய்த அலுமினியக் கை மிகக் குறைவாகவே வளையும். ஒரு கல்லில் மோதினால் நைலான் கை வளைந்து, ஆற்றலின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு, பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். அலுமினியக் கை மீள்தன்மை எல்லையைத் தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும். அல்லது தான் வளையாமல், அடியை அப்படியே அடுத்த உறுப்புக்குக் கடத்திவிடும். அந்த அடுத்த உறுப்பு பெரும்பாலும் கையைவிட விலை மிகுந்த உடல்!

வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று, அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் உண்டு. அதன் பிறகு ஃபியூஸ் போகாதுதான். சுவருக்குள் இருக்கும் கம்பி எரியும். விலை குறைந்த நைலான் கையும் ஒரு வகையில் காரின் ஃபியூஸ். மாதத்துக்கு ஒரு கை உடைந்தால், அது தன் கடமையைச் செய்கிறது என்றே நான் சொல்வேன். வாரத்துக்கு ஒன்று உடைந்தால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அப்படியானால் எதையுமே பலப்படுத்தக் கூடாதா? பலப்படுத்தலாம், இடமறிந்து செய்ய வேண்டும். கை சுழலும் பின் வளைந்துவிட்டால் கை தடையின்றி அசையாது. அங்கே விறைப்பு தேவை. நல்ல எஃகுப் பின் போடுவது நியாயம். 3 மில்லிமீட்டர் பின்னுக்குப் பதில் 4 மில்லிமீட்டர் போட முடிந்தால், வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்ந்து, ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. துளையின் ஓரத்திலோ மூலையிலோ கூர்மையான வெட்டு இருந்தால் தகைவு அங்கே குவியும். விரிசல் அங்கேதான் பிறக்கும். நுண்ணிய உப்புத்தாளால் அந்த மூலையைச் சற்று உருட்டிவிட்டால் போதும். செலவே இல்லாத பலப்படுத்தல் இது.

நைலானைப் பற்றி இன்னொரு செய்தி. அது நீரை உறிஞ்சும் தன்மையுடையது. உலர்ந்த நைலான் எளிதில் நொறுங்கும்; சிறிது நீரை உறிஞ்சிக்கொண்ட நைலான் ஓரளவு துவண்டு, அடியைத் தாங்கும். அதனால்தான் அனுபவசாலிகள் புதிய நைலான் கைகளைக் கொதிநீரில் சிறிது நேரம் இட்டு எடுத்துப் பொருத்துகிறார்கள். விறைப்பைக் குறைத்து அடிதாங்கும் திறனைக் கூட்டுகிறார்கள்! (கொதிநீர் வேலையைப் பெரியவர்களின் துணையோடு செய்யுங்கள்.)

இனி சஸ்பென்ஷனைச் சீர்செய்யும் கலைக்கு வருவோம். கலை என்றேன், அளந்து செய்தால் அது அறிவியல்.

காரை மேசைமேல் வையுங்கள். பின்புறத்தின் உயரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 300 கிராம் எடையைப் பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே, உடலின்மீது வையுங்கள். பின்புறம் 5 மில்லிமீட்டர் தாழ்ந்தது என்போம். பின் வில்கள் சுமக்கும் எடை, சக்கரங்கள் நீங்கலாக, 600 கிராம் என்றால், ஹூக் விதிப்படி அந்த எடைக்குரிய தாழ்வு 10 மில்லிமீட்டர், அதாவது 1 சென்டிமீட்டர். இந்தத் தாழ்வைச் சென்டிமீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், பின்புறம் விநாடிக்கு எத்தனை முறை அலையும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். இங்கே விடை விநாடிக்கு 5. சுருள்வில்லின் அலைவு நேரத்துக்கு நீங்கள் படிக்கும் சூத்திரத்திலிருந்து இந்தக் குறுக்கு வழியை நீங்களே வருவித்துப் பாருங்கள்.

இந்த எண்ணால் என்ன பயன்? பாதையில் 1 மீட்டருக்கு ஒரு மேடு இருக்கிறது. கார் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விநாடிக்கு 5 மேடுகள்! காரின் இயல்பு அதிர்வெண்ணும் அதுவே. ஒத்ததிர்வு ஏற்பட்டு, கார் முயலைப் போல் துள்ளத் தொடங்கும். அந்தத் துள்ளலைப் பார்த்து, "வில் பலமில்லை" என்று கெட்டியான வில்லைப் போடுகிறார்கள். துள்ளல் நின்றுவிடாது, இன்னும் சற்றுக் கூடிய வேகத்தில் மறுபடியும் தோன்றும்.

துள்ளலை அடக்குவது எண்ணெயின் வேலை. ஷாக் அப்சார்பருக்குள் சிறு துளைகள் உள்ள பிஸ்டன் ஒன்று எண்ணெயில் நகர்கிறது. எண்ணெயின் பாகுநிலை அதைத் தடுத்து, அலைவின் ஆற்றலை வெப்பமாக்குகிறது. வெப்பம் மாறினாலும் பாகுநிலை அதிகம் மாறாத சிலிகோன் எண்ணெயை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். காரை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மூன்று நான்கு முறை ஆடினால் எண்ணெய் மிக மெல்லியது. நோயாளியைப் போல் மெல்ல எழுந்தால் மிகக் கெட்டியானது. சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொடுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். உடனே எழுந்து, ஒரே ஒருமுறை சற்றே தாண்டி அமைந்தால் ஏறத்தாழச் சரி. ஹார்னெட்டின் பின்புறத்தில் எண்ணெய் ஷாக் அப்சார்பர்கள் இருந்தும் அது துள்ளுவதில் பெயர் பெற்றது. மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் சக்கரங்களோடு சேர்ந்தே குதிப்பதால், வில்லுக்குக் கீழே அசையும் எடை மிகுதி என்பது இதற்கு முக்கியக் காரணம். அலுமினியக் கைகளை எத்தனை வாங்கினாலும் இந்தக் குறை தீராது.

ஆர்.சி.10 வகைக் கார்களில் ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைப் பொருத்தும் துளையை மாற்றியும் விறைப்பை மாற்றலாம். கையின் நீளம் 6 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். சுழலும் முனையிலிருந்து 4 சென்டிமீட்டரில் உள்ள துளையிலிருந்து 5 சென்டிமீட்டரில் உள்ள துளைக்கு மாற்றினால், சக்கரம் உணரும் விறைப்பு 25/16, அதாவது ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல். நெம்புகோலால் விசையும் மாறுகிறது, வில் அமுங்கும் தூரமும் மாறுகிறது. அதனால்தான் இங்கே வர்க்கம் வருகிறது. புதிய வில் வாங்கக் காசு தேவை. துளையை மாற்ற ஒரு திருப்புளி போதும்!

"பந்தயக்காரர்கள் உலோக உறுப்புகளைப் போடுகிறார்களே" என்று நீங்கள் கேட்கலாம். போடுகிறார்கள். எது, எங்கே, எதற்காக என்று அறிந்து போடுகிறார்கள். கடையில் பளபளக்கிறது என்பதற்காக நாம் போடுவதில் அந்த அறிவு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வரும் மாணவர் பலர் சுருள்வில்லின் விசை மாறிலியைப் பிழையின்றிக் கண்டுபிடித்து, வரைபடம் போட்டு, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறார்கள். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பின்புறம் இருப்பதும் அதே வில்தான் என்ற நினைவு அவர்களுக்கு வருவதில்லை. பரிசோதனை தேர்வுக்கானது, வாகனம் மெக்கானிக்குக்கானது என்று இரண்டு அறைகளாக மனத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவரை இடிக்க இந்தச் சிறிய கார் நல்ல கருவி. எல்லோரும் இதை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது எல்லா வீட்டுக்கும் இயலாது. பள்ளியின் அறிவியல் மன்றத்துக்கு ஒரு கார் இருந்தால் முப்பது பேர் அதில் அளந்து பழகலாம்.

அப்படி ஒரு கார் கைக்கு வந்தால், கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தேதி, வில், எண்ணெய், துளையின் இடம், ஒரு சுற்று ஓட எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாமல் போகும். ஒவ்வோர் அமைப்பிலும் ஐந்து சுற்றுகள் ஓட்டிச் சராசரி காணுங்கள். எந்த உறுப்பு, எப்போது, எப்படி உடைந்தது என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பத்து நாட்கள் எழுதிய பிறகும் உலோக உறுப்புதான் தேவை என்று அந்த நோட்டுப் புத்தகம் சொன்னால், தாராளமாக வாங்குங்கள்.