பழசு... ஆனா கில்லி! - வெளிச்சம் புகாத கத்தி

ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் லேப் ஞாபகம் இருக்கா மக்களே? காக்கி கோட்டு, கையில ஃபைல், வைஸ் கடிச்சிட்டிருக்கிற இரும்புத் தகடு. ரெண்டு தகட்டையும் ராவி ராவி ‘வி’ ஜாயின்ட் ஆக்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கணும். நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா மார்க் போச்சு! என் ஜாயின்ட்ல வெளிச்சம் மட்டுமில்லை, எதிர் மரத்துல உட்கார்ந்திருந்த காக்காவே தெரிஞ்சது.

அந்தக் காக்கா மறுபடி ஞாபகத்துக்கு வந்தது ரூம்மேட்டோட தாத்தா வீட்டில். தாத்தா, குன்னூர் பக்கம் டீ எஸ்டேட் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். பொங்கல் லீவுக்குப் போயிருந்தப்போ, பீரோவில் இருந்து ஒரு சின்ன மடக்குக் கத்தியை எடுத்துக் காட்டினார். சொரசொரன்னு மான்கொம்புக் கைப்பிடி. ரெண்டு அலகு. பெரிய அலகின் அடியில் ‘ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு’ன்னு பொடி எழுத்தில் முத்திரை.

‘‘பார்க்காதேப்பா, கேளு’’ன்னார். விரல் நகத்தால் அலகை இழுத்தார். பாதி தூரம் மெதுவா வந்து, அப்புறம் ‘டக்’! பூட்டு கிடையாது, பட்டன் கிடையாது. ஆனாலும் அலகு ஆடாம அசையாம நின்னது. நான் பழக்கதோஷத்தில் அதை ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சேன். ம்ஹூம்... எந்த இடுக்கிலும் வெளிச்சம் வரலை. யாரோ ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே என் லேப் எக்ஸாமில் சென்டம் வாங்கியிருக்கார்!

யாருப்பா அது? இந்த வார மேட்டர் அதுதான்.

முதுகில் இருக்கு ரகசியம்

ஷெஃபீல்டு, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கிற ஊர். 14-ம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், தன் ‘கேன்டர்பரி கதைகள்’ல ஒரு மாவுமில்காரன் ஷெஃபீல்டு கத்தி வெச்சிருந்ததா எழுதியிருக்கார். அப்பவே ஊர் ஃபேமஸ்! டான், ஷீஃப், லாக்ஸ்லி, ரிவெலின், போர்ட்டர்னு அஞ்சு ஆறுகள். அந்தத் தண்ணியில் சக்கரம் சுத்தும், சக்கரத்தில் சாணைக்கல் சுத்தும். 1624-ல் பார்லிமென்ட் சட்டம் போட்டு, கத்தி செய்றவங்களுக்குன்னே ஒரு சங்கத்தை உருவாக்கினாங்க. யாருக்கு எந்த முத்திரைன்னு பதிஞ்சு வைக்கிறது அந்தச் சங்கத்தோட முக்கிய வேலை.

சரி, அந்த ‘டக்’ எங்கே இருந்து வருது? மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை ஓடும். அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதி, மூலை மூலையா ராவின ஒரு குட்டி ‘கேம்’. அலகை இழுக்கும்போது அதன் மூலை ஸ்பிரிங்கைத் தூக்கும், மூலை தாண்டினதும் ஸ்பிரிங் பாய்ஞ்சு உட்காரும். அவ்வளவுதான். கைனமாட்டிக்ஸ் பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வி!

ஆனா, செஞ்சு பார்த்தாத்தான் தெரியும் வலி. ஸ்பிரிங் வலுவா இருந்தா நகம் பிய்யும். லூஸா இருந்தா விரலை வெட்டும். அலகு திறந்திருக்கும்போதும் சரி, மூடியிருக்கும்போதும் சரி... ஸ்பிரிங்கின் முதுகு, ரெண்டு பக்கத் தகடுகளோட ஒரே மட்டமா இருக்கணும். விரலால் தடவினா படி தட்டக் கூடாது. இதுக்கு மைக்ரோமீட்டர் எல்லாம் இல்லை. ராவு, மாட்டு, தூக்கிப் பாரு, கழட்டு, மறுபடி ராவு. நம்ம ‘வி’ ஜாயின்ட்டேதான், ஆனா அசையும் ‘வி’ ஜாயின்ட்.

இன்னொரு வித்தை இருக்கு. ஒரே பக்கம் ரெண்டு, மூணு அலகு இருந்தா மூடும்போது ஒண்ணோடொண்ணு உரசும்தானே? அதனால, தோய்ச்சல் போட்ட அலகின் மென்மையான அடிப்பகுதியை மட்டும் சுத்தியலால் தட்டி, மயிரிழை அளவு வளைச்சு விடுவாங்க. அலகுகள் பக்கத்துல பக்கத்துல உரசாம படுத்துக்கும். கொஞ்சம் அழுத்தமா தட்டினா அலகு ‘டப்’. அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, கையில்தான் இருந்தது.

கடிகாரக்காரர் போட்ட குண்டு

ஸ்பிரிங் நல்லா இருக்கணும்னா எஃகு நல்லா இருக்கணும். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன்னு ஒரு கடிகாரக்காரர், தன் கடிகார ஸ்பிரிங்குக்கு ஒரே சீரான எஃகு கிடைக்காம கடுப்பாகி, களிமண் மூசையில் போட்டு எஃகை முழுசா உருக்கியே பார்த்துட்டார். அழுக்கு மேலே மிதந்து வர, கீழே ஒரே சீரான எஃகு. ஷெஃபீல்டின் தலையெழுத்தையே மாத்தின வேலை இது. (மூசையில் உருக்கு செய்றது நம்ம ஊருக்குப் பழைய சங்கதி பாஸ்! கொடுமணல் அகழாய்வில் உலைகளும் மூசைகளும் கிடைச்சிருக்கு. நம்ம உருக்கை வெள்ளைக்காரங்க ‘வூட்ஸ்’னு கூப்பிட்டாங்க. ஃபாரடே மாமாவே அதை ஆராய்ச்சி பண்ணியிருக்கார்.)

கைப்பிடிக்கும் இந்தியாவுக்கும்கூட நேரடி சொந்தம் இருக்கு. அந்தச் சொரசொர மான்கொம்பு பெரும்பாலும் மிளாவோடது. இங்கே காட்டில் மிளா உதிர்த்த கொம்புகளை மூட்டை மூட்டையா கப்பலில் ஏத்தி அனுப்பினாங்க. இப்போ அந்த ஏற்றுமதிக்கு இந்தியாவில் தடை. தந்தம், முத்துச்சிப்பி, ஆமை ஓடு, கருங்காலின்னு மற்ற கைப்பிடிகளும் உண்டு. தந்தக் கைப்பிடியைப் பார்த்து ‘வாவ்’ சொல்றதுக்கு முன்னாடி, அதுக்குப் பின்னாடி ஒரு யானை செத்திருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்.

‘பேனாக்கத்தி’ன்னு தமிழில் ஏன் சொல்றோம்னு யோசிச்சிருக்கீங்களா? இறகுப் பேனா காலத்தில், முனையைச் சீவ வெச்சிருந்த குட்டிக் கத்தி அது. இறகு போச்சு, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

பந்தாவும் பலியும்

பெரிய கம்பெனிகள் செஞ்ச பந்தாவுக்கு அளவே இல்லை. ராட்ஜர்ஸ் கம்பெனி 1822-ல் ஒரே கத்தியில் 1822 அலகுகள் வெச்சது. அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு சேர்த்துக்கிட்டே போனாங்க. 1851 லண்டன் கண்காட்சிக்கு 75 அலகுகளோட ‘நார்ஃபோக் கத்தி’ன்னு ஒரு ராட்சசனைச் செஞ்சாங்க. அது இன்னிக்கும் ஷெஃபீல்டில் அந்தச் சங்கத்தோட மாளிகையில் இருக்கு. போட்டிக் கம்பெனியான வாஸ்டன்ஹோம், ‘ஐ எக்ஸ் எல்’னு மூணு எழுத்தை முத்திரையா வெச்சு அமெரிக்காவையே வளைச்சது. வேகமா சொல்லிப் பாருங்க... ‘ஐ எக்ஸெல்’. நானே பெஸ்ட்!

ஆனா, அந்த ‘நான்’ யாரு?

ஒரு கத்திக்குக் குறைஞ்சது மூணு கைகள். அலகை அடிச்சு உருவாக்குற கொல்லர், சாணை பிடிக்கிறவர், எல்லாத்தையும் கோத்து ராவி முடிக்கிறவர். நிறைய பேர் கம்பெனி சம்பளக்காரங்களே இல்லை. வாடகைக்கு ஒரு சின்ன ரூம் பிடிச்சு, சொந்தமா பட்டறை போட்ட ‘லிட்டில் மெஸ்டர்’கள், அதாவது சின்ன மேஸ்திரிகள்.

இதில் சாணைக்காரர் கதைதான் என்னைத் தூங்க விடலை. குதிரை மேல உட்கார்ற மாதிரி ஒரு பலகையில் உட்கார்ந்து, சுத்துற கல் மேல குனிஞ்சே வேலை செய்யணும். பறக்கிற கல் தூசும் இரும்புத் தூசும் நேரா நுரையீரலுக்குள். 1845-ல் எங்கெல்ஸ் எழுதின ‘இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்தின் நிலை’ புத்தகத்தில், ஷெஃபீல்டு டாக்டர் ஒருத்தர் சொன்ன கணக்கு வருது. முள்கரண்டி மாதிரி சாமான்களை உலர்ந்த கல்லில் சாணை பிடிச்சவங்க சராசரியா 35 வயசைத் தொடுறதே கஷ்டம். ஈரக்கல்லில் பிடிச்சவங்க 45-ஐத் தாண்டுறது அபூர்வம். கத்தி அலகுக்குப் பெரும்பாலும் ஈரக்கல். அப்போ, தாத்தாவோட கத்தி மாதிரி ஒண்ணைத் தீட்டின கைக்குச் சொந்தக்காரர், ரிட்டயர்மென்ட்டையே பார்த்திருக்க மாட்டார்.

இதைவிடக் கொடுமை ஒண்ணு. தூசியை இழுக்கிற கருவி வந்தப்போ, சாணைக்காரங்களே அதை எதிர்த்தாங்கன்னும் எங்கெல்ஸ் எழுதுறார். ஆபத்து குறைஞ்சா நிறைய பேர் இந்த வேலைக்கு வருவாங்க, கூலி குறையும்ங்கிற பயம். உயிரைக் காப்பாத்துற மெஷினைப் பார்த்து, சோறு போயிடுமோன்னு பயந்த மனுஷங்க! நம்ம ‘இண்டஸ்ட்ரியல் சேஃப்டி’ பாடத்தில் ஹெல்மெட் படம் இருக்கு. இந்தப் பயம் இல்லை.

வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

பழைய கத்தி சேகரிக்கிறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. அவங்க கிட்டே கத்துக்கிட்ட சில பாடங்கள்:

* முத்திரையைப் படிங்க. கிரீடத்தோட ‘வி ஆர்’ எழுத்து இருந்தா விக்டோரியா ராணி காலம், அதாவது 1837 - 1901. ‘இங்கிலாந்து’ன்னு நாட்டுப் பேர் இருந்தா பெரும்பாலும் 1890-க்குப் பிறகு. இறக்குமதிச் சரக்கில் நாட்டுப் பேர் வேணும்னு அமெரிக்கா அந்த வருஷம் சட்டம் போட்டது.

* ‘ஸ்டெயின்லெஸ்’னு இருந்தா கண்டிப்பா 1913-க்கு அப்புறம்தான். அந்த வருஷம்தான் ஷெஃபீல்டுக்காரரான ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் தேயாம இருக்க எஃகு தேடப் போய், துருப்பிடிக்காத எஃகைப் பிடிச்சார். ஊர்க்காரங்க ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்ச ஆளு’ன்னு அவரை ஓட்டினதெல்லாம் தனிக் காமெடி.

* பேரை மட்டும் நம்பாதீங்க. டூப்ளிகேட் அப்பவே உண்டு. ஜெர்மனியில் செஞ்ச கத்தி மேல ஷெஃபீல்டு பேர் போட்டு வித்ததால, 1887-ல் பிரிட்டன் தனிச் சட்டமே கொண்டுவந்தது. முத்திரை பொய் சொல்லும், வெளிச்சம் பொய் சொல்லாது. ஜன்னல் டெஸ்ட் முக்கியம்!

* பழைய அலகு சாம்பலும் நீலமுமா கறுத்திருந்தா அது அழுக்கு இல்லை, வயசு. பளபளன்னு ஆக்கறேன்னு சாணை பிடிச்சீங்கன்னா கத்தியோட சேர்த்து முத்திரையும் போயிடும். துருவை மட்டும் மெதுவா எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டா போதும்.

* தந்தம் வேண்டாம். பிரிட்டனிலேயே 2022-ல் இருந்து தந்தப் பொருள் விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு. இந்தியாவுக்குள்ளே கொண்டு வர்றதும் வம்பு.

* முக்கியமா, காலேஜுக்கு எடுத்துட்டு வராதீங்க. ‘ஹெரிடேஜ் சார்’னு சொன்னா பிரின்சிபால் நம்ப மாட்டார்!

பேர் போட்ட ஒருத்தர்

ராட்ஜர்ஸும் வாஸ்டன்ஹோமும் 1970-களில் ஒண்ணாகி, அப்புறம் அந்தப் பழைய தொழிற்சாலைகளும் போச்சு. ஷெஃபீல்டில் இன்னிக்கும் மடக்குக் கத்தி செய்ற பட்டறைகளை விரல் விட்டு எண்ணிடலாம்.

ஸ்டான் ஷான்னு ஒருத்தர் இருந்தார். 1926-ல் பிறந்தவர். 14 வயசில் இபர்சன் கம்பெனியில் தொழில் கத்துக்கச் சேர்ந்தார். பெரிய கம்பெனிகள் மூடின பிறகும் தனி ஆளா, எல்லா வேலையையும் தானே செஞ்சார். கைப்பிடியில் குட்டித் தகடு பதிக்கிறதுக்கான பள்ளத்தை, வில் மாதிரி ஒரு குச்சியில் தோல் வாரைச் சுத்தித் துளை போடுற அந்தக் காலத்துக் கருவியாலதான் வெட்டுவார். கடைசி வருஷங்களில் கெல்ஹாம் தீவு மியூசியத்தில் பட்டறை. அவர் கத்திக்கு வருஷக்கணக்கில் க்யூ. 2017-ல் அரசு விருது. 2021-ல், 94 வயசில் காலமானார்.

அவர் கத்தி அலகில் என்ன முத்திரை தெரியுமா? ‘ஸ்டான் ஷா, ஷெஃபீல்டு’. கம்பெனி பேர் இல்லை, செஞ்சவர் பேர்!

தாத்தாவோட கத்தியில் அப்படி ஒரு பேர் இல்லை. கம்பெனி பேர் இருக்கு, ஊர் பேர் இருக்கு. அதை அடிச்சவர், தீட்டினவர், ராவினவர் பேர் எங்கேயும் இல்லை. அவங்க விட்டுட்டுப் போன ஒரே கையெழுத்து, அந்த ‘டக்’ சத்தம்தான்.

கிளம்பும்போது தாத்தா கிட்டே, ‘‘இதை என்ன விலைக்குத் தாத்தா கொடுப்பாங்க?’’ன்னு கேட்டேன். சிரிச்சார். ‘‘விலை தெரியாதுப்பா. தினம் ஒரு தடவை திறந்து மூடுவேன். செஞ்சவனுக்கு வணக்கம் சொல்ற மாதிரி.’’

ஹாஸ்டலுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைக் கிளறி என் ‘வி’ ஜாயின்ட்டைத் தேடி எடுத்தேன். துருப்பிடிச்சு, இன்னும் காக்கா தெரியிற ஓட்டையோட இருக்கு. தூக்கிப் போடலை. ஃபைல் எடுத்து இன்னொரு தடவை ராவிப் பார்க்கலாம்னு இருக்கேன்.