ஜனவரிக் குழந்தைகளின் கணக்கு

அமெரிக்காவில் குளிர்காலத்தில் பிறக்கும் குழந்தைகளிடையே, பதின்ம வயதுத் தாய்மார்களுக்குப் பிறந்தோரின் விகிதம் மற்றப் பருவங்களைவிடக் கூடுதல். ஜனவரியிலிருந்து ஒன்பது மாதங்கள் பின்னோக்கி எண்ணினால் ஏப்ரல் வருகிறது. உடனே இளவேனில், பள்ளி இறுதியாண்டு நடன விருந்துகள் என்று காரணங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இளைஞர்மீது குறைகூற வாய்ப்புக் கிடைத்தால் யாரும் கணக்கைச் சரிபார்ப்பதில்லை.

நாட்டர் டேம் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கேசி பக்கிள்ஸ், டேனியல் ஹங்கர்மன் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சரிபார்த்தது. தாய்மாரின் பின்னணியில் காணும் பருவ வேறுபாடு, குழந்தை வேண்டுமென்று முயலும் பெண்களால் விளைவது. விரும்பாமல் நேர்ந்த பிறப்புகளில் பருவ ஏற்றத்தாழ்வே இல்லை என்றது அது. கடுங்குளிரில் பிரசவம் நேராதபடி வசதியுள்ள, மணமான பெண்கள் திட்டமிடுகிறார்கள். பகுதி சுருங்கினால், தொகுதி மாறாமலேயே விகிதம் உயரும் அல்லவா? (சித்திரை வெயிலில் பிரசவம் நேரக்கூடாதென்று ஆடியில் புதுமணத் தம்பதியரைப் பிரித்துவைக்கும் நமக்கு இந்தத் தர்க்கம் புதிதன்று.)

இது வெறும் புள்ளிவிவர விளையாட்டு அன்று. பிறந்த காலாண்டு தற்செயலானது என்ற அனுமானத்தில், கல்வி ஊதியத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்று ஜோஷுவா ஆங்ரிஸ்டும் ஆலன் குரூகரும் 1991-இல் அளந்தனர். பொருளியல் மாணவர் அனைவரும் படிக்கும் கட்டுரை அது. ஆனால், பிறந்த பருவத்துக்கும் பிற்கால வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பில் ஏறத்தாழப் பாதியைக் குடும்பப் பின்னணியே விளக்கிவிடுகிறது என்று 2013 ஆய்வு காட்டியது. ஜனவரியில் பிறந்தவரின் பின்னடைவில் ஒரு பங்கு, பனியால் வந்ததன்று. தாயின் இளவயதும் வறுமையும் தந்தது.

காரணத்தைப் பருவத்தில் தேடினால் பரிகாரமும் பிழையாகும். 1991-இல் 15 முதல் 19 வயது வரையிலான ஆயிரம் பெண்களுக்கு ஏறத்தாழ 62 பிறப்புகள்; 2023-இல் 13. நடன விருந்துகளை நிறுத்தி இதைச் சாதிக்கவில்லை. கருத்தடைப் பயன்பாடு மேம்பட்டதையே ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகச் சுட்டுகிறார்கள். அந்த உதவியை ஏழைப் பெண்களுக்கும் இளம்பெண்களுக்கும் 1970 முதல் அளித்துவரும் கூட்டரசுத் திட்டம் 'டைட்டில் எக்ஸ்'. 2025 ஏப்ரலில், அதன்கீழ் இயங்கும் சில அமைப்புகளுக்கான நிதியை டிரம்ப் நிர்வாகம் நிறுத்திவைத்தது. இத்தகைய வெட்டுகள் தொடருமானால், விளைவைக் குளிர்கால விகிதத்தில் தேடுவதைவிட ஆண்டின் மொத்த எண்ணிக்கையில் தேடுவதே முறை.