பாறுகள் கொத்தும் செய்தித்தாள்

அச்சிதழின் காலம் முடிந்தது. ஆகவே பணியாளர் வெளியேறுவதே முறை என்று முதலாளிகள் முழங்குகின்றனர். பாதி உண்மையை முழு உண்மையென விற்கும் சூழ்ச்சி இது!

அந்தப் பாதியை மறுப்பாரில்லை. அமெரிக்காவில் வேலை, குடிக்கூலி, பழைய வண்டி ஆகியவற்றிற்கான வரி விளம்பரங்கள் இணையத்திற்கு ஓடின. பெருவிளம்பரங்களைக் கூகுளும் முகநூலும் வளைத்துக்கொண்டன. 2005-இல் ஏறத்தாழ 4,900 கோடி தாலராயிருந்த செய்தித்தாள் விளம்பர வருவாய், 2020-இல் 1,000 கோடிக்கும் கீழே வீழ்ந்தது. கொலராடோ மாநிலத் தலைநகர் தென்வரில் 1859-இல் தோன்றிய 'இராக்கி மவுண்டன் நியூசு', 150 ஆண்டு நிறைவிற்கு இரு திங்களே இருக்க, 2009 பிப்பிரவரி 27-இல் மூடப்பெற்றது.

மறுபாதி என்ன? அந்நகரில் எஞ்சி நின்ற பெருநாளிதழ் 'தென்வர் போசுட்டு'. அதனைத் தன் பிடியில் வைத்திருந்தது 'ஆல்டன் குளோபல் கேப்பிட்டல்' எனும் நியூயார்க்குப் பணமுதலை. முன்பு 250-க்கும் மேற்பட்டோர் உழைத்த செய்திக்கூடம் 2018-இல் நூற்றுவர் அளவாய்ச் சுருங்கிக் கிடந்தது. அவருள்ளும் 30 பேரை நீக்குமாறு ஆணை வந்தது! குழுமம் இழப்பில் மூழ்கியதா? இல்லை. அதன் இதழ்கள் 2017 கணக்காண்டில் ஏறத்தாழ 16 கோடி தாலர் ஊதியம் ஈட்டியதாக இதழ்த்துறை ஆய்வாளர் கென் தாக்டர் எழுதினார். பால் கறந்துகொண்டே மடியை அறுக்கும் கொடுமையன்றோ இது!

2018 ஏப்பிரலில் அவ்விதழின் தலையங்கப் பக்கமே தன் உரிமையாளரைப் பிணந்தின்னும் பாறுகள் என்று சாடியது. அடுத்த திங்களில் மற்றொரு தலையங்கம் தடுக்கப்பட்டபோது, அப்பக்கத்தின் ஆசிரியர் சக் பிளங்கெட்டு பணி துறந்தார். அவ்வாண்டிலேயே அவ்விதழினின்று வெளிவந்த பதின்மர் 'கொலராடோ சன்' எனும் இணைய இதழைத் தொடங்கினர். தாள் தளர்ந்தாலும் செய்தித்தொழில் சாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பாறுகளின் பசியோ அடங்கவில்லை. 2021-இல் 'சிகாகோ திரிபியூன்' உள்ளிட்ட இதழ்க் குழுமத்தையும் ஆல்டன் விழுங்கியது. விழுங்கிய சில நாளிலேயே பணிவிலகல் திட்டத்தை நீட்டியது.

செய்தியாளன் வெளியேற்றப்பட்ட ஊரில் நகர்மன்றத்தில் அமர்ந்து குறிப்பெடுப்பவர் யார்? வரிப்பணம் போன வழியைக் கேட்பவர் யார்? ஒற்றை நாற்காலி வெறுமையாகும்போது ஊரின் ஒரு கண் அவிகிறது. இதழைச் சரக்கென்று கருதி வாளாவிருக்கும் மக்கள் இருளையே விலைக்கு வாங்குவர். தம் கண்ணென்று உணர்ந்து காசு கொடுத்துக் காக்கும் மக்களே ஆள்வோரைக் கேள்வி கேட்பர். கண்ணை விற்றுக் கணக்கை நேராக்கும் வணிகம் ஒழிக!